ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகப் போறீங்களா? பையில் என்ன இருக்கணும், எதை வீட்டிலேயே விட்டுட்டுப் போகணும்?

பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பை அகற்றுதல், சிசேரியன், மூட்டு மாற்று என எதுவாக இருந்தாலும், தேதி குறித்த பிறகு வீட்டில் முதலில் தொடங்குவது பை அடுக்கும் வேலைதான். நாலு செட் துணி, துண்டு, சோப்பு, பிஸ்கட், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று ஊருக்குப் போவது போலவே அடுக்கிவிடுவோம்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாளில் அந்தப் பையில் பாதியை யாரும் தொடக்கூட மாட்டார்கள். ஒரு கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். வயிற்றில் தையல் இருந்தால் குனிய முடியாது, பக்கத்து மேஜையில் இருக்கும் தண்ணீரை எட்டி எடுக்க முடியாது. சிறுநீர் டியூப் வேறு மாட்டியிருக்கலாம். குனிய முடியாத, கை நீட்ட முடியாத அந்த 48 மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்து அடுக்கினால் பை சின்னதாகிவிடும், உபயோகமாகவும் இருக்கும்.

துணிக்கு முன்னாடி ஃபைல்

நேரத்தையும் பணத்தையும், சில சமயம் ஆபரேஷன் தேதியையே காப்பாற்றுவது துணிப்பை இல்லை, ஃபைல்தான். பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு, இசிஜி, எக்கோ, முன்பு ஏதாவது ஆபரேஷன் செய்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே அதில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கேன் ஃபிலிமை வீட்டில் விட்டு வருவது ரொம்பவே சகஜம். சர்ஜன் பார்க்க விரும்புவது பெரும்பாலும் அந்த ஃபிலிமைத்தான். ஆதார், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ராத்திரி 11 மணிக்கு ஜெராக்ஸ் கடை தேடி அலைவது கூட இருப்பவருக்குத்தான் தண்டனை.

அடுத்து மாத்திரை. தினமும் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும், பெயரும் மில்லிகிராமும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளை கலர்ல குட்டியா ஒரு பிரஷர் மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் மருந்து எடுப்பவர்கள் இதை தேதி குறிக்கும்போதே சொல்ல வேண்டும். சிலவற்றை சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நிறுத்துவதே ஆபத்தாகவும் முடியலாம். அதனால் நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

சித்த மருந்து, நாட்டு மருந்து, ஹோமியோபதி, ஜிம்முக்காக எடுக்கும் பவுடர், மீன் எண்ணெய் மாத்திரை என எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அது மருந்தே இல்லைங்க" என்று நாமே முடிவு பண்ணக் கூடாது.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறைக்கிறார்கள். அது குடிப்பழக்கம். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கும்போது "எப்பவாவது விசேஷத்துக்கு" என்று சொல்லிவிடுவார்கள். தினமும் குடிக்கிற ஒருவருக்கு ஆபரேஷனுக்காக திடீரென்று அது நின்றால், முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு வரை போகலாம். டியூபைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பவர்களும் உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் டாக்டர்கள் இதற்கு மருந்து கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், ஒப்புக்கொள்வார்கள். புகை பிடிப்பவர்கள் ஆபரேஷனுக்கு சுமார் 4 வாரம் முன்பே நிறுத்திவிட்டால் சிக்கல்கள் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்ன துணி?

பெண்களுக்கு முன்பக்கம் பட்டன் அல்லது ஜிப் வைத்த, கை அகலமான காட்டன் நைட்டிதான் சரியாக இருக்கும். புதுசாக வாங்கினால் ஒரு தடவை துவைத்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். வயிற்றில் ஆபரேஷன் என்றால் இறுக்கமான பாவாடை நாடாவும் லெகிங்ஸ் எலாஸ்டிக்கும் நேராகத் தையல் மேலேயே உட்காரும். சிசேரியன் தழும்பு இருக்கும் இடமும் ஏறத்தாழ அதுதான். தொப்புளுக்கு மேலே வரும் உயரமான உள்ளாடை வாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. சிசேரியன் ஆனாலும் சுகப்பிரசவம் போலவே ரத்தப்போக்கு இருக்கும் என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட்டாவது வேண்டும்.

ஆண்களுக்கு லுங்கியும் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் போதும். டி-ஷர்ட் வேண்டாம். தலை வழியாக மாட்டும் எந்தத் துணியும் டிரிப்ஸ் ஓடும்போது இம்சைதான். கண், தோள்பட்டை, மார்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மூட்டு மாற்று என்றால் லுங்கி அல்லது தொளதொள அரை டிரவுசர்.

டிரிப்ஸ் கையோடு உடை மாற்ற ஒரு சின்ன உத்தி இருக்கு. கழற்றும்போது முதலில் நல்ல கை, கடைசியில் ஊசி இருக்கும் கை. போடும்போது முதலில் ஊசி இருக்கும் கை. டிரிப்ஸ் பாட்டிலை சட்டைக் கை வழியாக நுழைக்க வேண்டியிருந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே டியூபைக் கழற்ற வேண்டாம். சிறுநீர்ப் பை இருந்தால் அது எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். நோயாளியை நகர்த்தும்போது அதைத் தூக்கிப் படுக்கை மேல் வைத்தால், வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போய் தொற்று வரலாம்.

செருப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பும் மருத்துவமனை ஈரத் தரையும் சேர்ந்தால் விபத்து. அடிப்பாகம் வழுக்காத, குனியாமல் மாட்டக்கூடிய செருப்பு வேண்டும். முதல் தடவை எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். தலைசுற்றல் வருவது அப்போதுதான்.

அப்படியே அட்மிஷன் போடும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: வார்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? வயிறு, மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. இல்லையென்றால் கமோடு நாற்காலி கேட்டு வாங்கலாம்.

கைக்கு எட்டும் தூரத்தில்...

ஒரு சின்னத் துணிப்பையைக் கட்டில் கம்பியில் மாட்டி விடுங்கள். போன், கண்ணாடி, கைக்குட்டை, சீப்பு, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது வாஸலின் எல்லாம் அதில் போகட்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று வைத்திருக்கும் நேரத்தில் உதடு வெடித்துவிடும். குடிக்க அனுமதித்த பிறகு வளையும் ஸ்ட்ரா இருந்தால் தலையைத் தூக்காமலே குடிக்கலாம். பத்து ரூபாய் சமாச்சாரம், ஆனால் அதைப் போல உதவும் பொருள் வேறில்லை.

சின்னத் தலையணை ஒன்று. தலைக்கு இல்லை, வயிற்றுக்கு. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தையல் போட்ட இடம் சுரீர் என்று இழுக்கும். தலையணையை அந்த இடத்தில் வைத்து இரண்டு கையாலும் லேசாக அழுத்திக்கொண்டு இருமினால் வலி நன்றாகக் குறையும். வலிக்குப் பயந்து இருமாமல் அடக்கினால் சளி நுரையீரலில் தங்கி காய்ச்சலில் கொண்டுபோய் விடும். இதற்காகத்தான் மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியையும் கொடுப்பார்கள். நிறைய பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே ஏற்ற வேண்டும்.

சார்ஜர் ஒயர் நீளமாக இருக்கட்டும். பிளக் பாயின்ட் காலியாக இல்லையென்று அங்கே ஏற்கெனவே செருகியிருப்பதைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போடாதீர்கள். அது மருந்து ஏற்றும் பம்ப்பாக இருக்கலாம். எலெக்ட்ரிக் கெட்டிலைப் பல மருத்துவமனைகளில் அனுமதிப்பதில்லை. ஃப்ளாஸ்க் போதும். ஊதுபத்தி, விளக்கு வேண்டவே வேண்டாம், ஆக்ஸிஜன் ஓடும் இடம் அது.

வீட்டிலிருந்து கொண்டுபோன பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நர்ஸிடம் காட்டிவிடுங்கள். அவர்கள் ஒரு முறை கொடுக்க, நாம் நம் பையிலிருந்து ஒரு முறை விழுங்க, டோஸ் இரட்டிப்பாகிவிடும். வலி மாத்திரையிலும் இந்தத் தவறு நடக்கிறது.

கண்ணாடி, காது மெஷின், பல் செட்

வீட்டில் பெரியவர்களுக்கு ஆபரேஷன் என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

தியேட்டருக்குள் போகும்போது இந்த மூன்றையும் கழற்றச் சொல்வார்கள். கழற்றியதை டிஷ்யூ பேப்பரில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்போம். பல் செட் குப்பைக்குப் போவது இப்படித்தான். மூடி வைத்த டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, கூட இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு வயதானவர்களுக்குக் குழப்பம் வருவதுண்டு. "அம்மா உளறுறாங்க, எங்களையே அடையாளம் தெரியலை" என்று வீட்டார் பயந்துபோவார்கள். தொற்று, வலி, மருந்து, உடலில் உப்புச் சத்து மாறுவது எனக் காரணங்கள் பல இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஆனால் கண்ணும் காதும் சரியாக வேலை செய்யாததும் அந்தக் குழப்பத்தைக் கூட்டும். எதிரே நிற்பது யார் என்று தெரியாது, பேசுவது கேட்காது, பகலா ராத்திரியா புரியாது. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் அனுமதியோடு கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். காது மெஷினுக்கு மாற்று பேட்டரி வேண்டும். கண்ணில் படும் இடத்தில் கடிகாரமோ காலண்டரோ இருந்தால் நல்லது. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, எந்த ஊர், என்ன ஆபரேஷன் நடந்தது என்று திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

தாலி, மெட்டி, அரைஞாண் கயிறு

நகையை வீட்டிலேயே விட்டு வருவது தெரிந்த விஷயம். சிக்கல் வருவது தாலியிலும் மெட்டியிலும்தான். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது நர்ஸ் கழற்றச் சொல்ல, அம்மா அழ, மாமியார் முகம் மாற, அந்த நேரத்தில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தக் கசிவை நிறுத்தவும் திசுவை வெட்டவும் சர்ஜன்கள் மின்சாரத்தில் இயங்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். உடலில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும் அபாயம் உண்டு. விரல் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல குடும்பங்களில் முதல் நாளே தங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். அது சம்மதமா என்று மருத்துவமனையில் முன்பே கேட்டுவிடலாம். தாலியில் கோத்திருக்கும் ஊக்குகளை மறக்க வேண்டாம். வயிற்று ஆபரேஷனுக்கு அரைஞாண் கயிறும் தாயத்தும் இடைஞ்சல். அங்கே வெட்டி எடுப்பதைவிட வீட்டில் நாமே கழற்றி சாமி படத்துக்குக் கீழே வைப்பது மனசுக்கும் நல்லது. மோதிரம் கழலவில்லையா? சோப்புத் தண்ணீர் முயற்சியை ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் கருவி நகத்தின் வழியாக ஒளி பாய்ச்சித்தான் ஆக்ஸிஜனை அளக்கிறது. முதல் நாள் சோப்பு போட்டுக் குளிப்பது அவசியம். ஆனால் ஆபரேஷன் செய்யும் இடத்தில் வீட்டிலேயே ரேஸரால் முடி மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி உள்ளே போகும். முடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதை மருத்துவமனையிலேயே செய்வார்கள்.

காலையில் ஒரு காபி குடிக்கலாமா?

பால் சேர்த்த காபி, டீ எல்லாம் உணவுக் கணக்கில்தான் வரும். பொதுவாக எளிமையான உணவு என்றால் மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பும், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பதுண்டு. ஆனால் உங்கள் மருத்துவமனை சொன்ன நேரம்தான் உங்களுக்கு விதி. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கூட இருப்பவருக்கும் ஒரு பை

இதைப் பெரும்பாலான குடும்பங்கள் யோசிப்பதே இல்லை. தனியார் மருத்துவமனை அறையில் ஒரு சின்ன சோபாவாவது இருக்கும். அரசு மருத்துவமனை வார்டில் பாஸ் வைத்திருக்கும் ஒருவருக்குத்தான் அனுமதி, பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடுவது கஷ்டம். மற்றவர்கள் வராந்தாவிலோ மரத்தடியிலோதான். பாய், போர்வை, கொசுவுக்குப் பூசும் கிரீம், தனி டம்ளர், இரண்டு மாற்று உடை, அவருக்கான மாத்திரை இருக்கட்டும். மாத்திரை வாங்க, ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க என்று ஓடிக்கொண்டே இருப்பார் என்பதால் பூட்டு போடும் பையாக இருந்தால் பணம், போன் திருட்டு பயம் இல்லை. சில்லறையாகக் கொஞ்சம் பணம் வேண்டும். ஜிபே எப்போதும் கைகொடுக்காது.

ராத்திரி முழுக்க ஒரே ஆள் கண் விழித்தால் இரண்டாவது நாளில் அவரே படுத்துவிடுவார். யார் பகல், யார் ராத்திரி என்று முன்பே பேசி வையுங்கள். சாப்பாடு கொண்டு வருவதையே ஒரு உறவினர் பொறுப்பில் விடலாம். சென்னையில் சில அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே அம்மா உணவகம் இருக்கிறது, துணைக்கு வருபவர்களுக்கு அது பெரிய உதவி.

பார்க்க வருபவர்களிடம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். "ஒரு வேளை நீ வந்து உட்கார், நான் வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வரேன்" என்று கேட்பதுதான் உண்மையான உதவி. சளி, காய்ச்சல் இருப்பவர்களும் குழந்தைகளும் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

காப்பீடு இருக்கா?

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இதை முதலில் முடியுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் கேஷ்லெஸ் அனுமதிக்குச் சில நாட்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட உத்தரவின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. காலை 10 மணிக்கு "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லி, ராத்திரி வரை பில் கவுன்டரில் காத்திருப்பவர்களுக்கு இந்த விதி பெரும்பாலும் தெரிவதில்லை. கையுறை, டயப்பர், சுகாதாரப் பொருட்கள் போன்றவற்றுக்குப் பல பாலிசிகள் பணம் தராது, அதற்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள்

காரில் போனால் வயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே அதே சின்னத் தலையணையை வையுங்கள். ஆட்டோ என்றால் வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், பைக் கூடாது.

கட்டிலை விட்டு இறங்கும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸிடம் கேட்க வேண்டியவை: நிறுத்திய பழைய மாத்திரையை எப்போது திரும்ப ஆரம்பிப்பது? தையல் என்றைக்குப் பிரிப்பது, தானாகக் கரையும் தையலா? காயத்தில் தண்ணீர் படலாமா? எவ்வளவு எடை தூக்கலாம்? மாடிப்படி ஏறலாமா? திடீரென்று என்றால் எந்த நம்பருக்குப் பேசுவது? பதில்களை சம்மரியின் பின்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது நாற்றம், அடங்காத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் மறு பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள்.

கொண்டுபோன ஒரிஜினல் ஸ்கேன் ஃபிலிம்களைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அகற்றிய திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் முடிவு எந்தத் தேதியில், எந்த கவுன்டரில் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலி போய்விட்டது, நல்லா இருக்கேன் என்று பலர் அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.